வரப்பில் மாறிய பெயர்

நூறு வருடங்களுக்கு முன்னால் ஒரே ஆண்டில் இறந்த கவிஞர்களுக்குத் தல்லாகுளத்தில் நினைவு விழா. பட்டியலில் எங்கள் ஊர்ப் பண்ணையாரும் இருந்தார். அவர் எழுதிய நடவுப் பாட்டு என்று மேடையில் ஒரு பெண் பாடத் தொடங்கியதும் எனக்குச் சேற்று வாடை அடித்தது.

அது அம்மாவின் தாத்தா கருப்பன் கட்டிய பாட்டு. பண்ணையில் கூலிக்கு நட்டவர். கடைசி அடியில் தன் பெயரை வைத்திருந்தார். அம்மாவும் மற்ற பெண்களும் நடும்போது அந்தப் பெயரோடுதான் பாடி முடிப்பார்கள். பண்ணையாரின் பேரன் குடையோடு வரப்பில் தென்பட்டால் மட்டும் கருப்பனை எடுத்துவிட்டுப் பண்ணையார் பெயரை வைப்பார்கள்.

“ஏம்மா மாத்துறீங்க?”

“கூலி வேணும்ல. அந்தாளு போகட்டும், திருப்பிப் பாடிருவோம்.”

அப்படியே பாடவும் செய்தார்கள்.

கருப்பனும் அதே வருடம்தான் காலராவில் செத்துப்போனார். பட்டியலில் அவர் இல்லை. மேடைப் பாட்டும் பண்ணையார் பெயரோடு முடிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழுந்து கடைசி அடியைக் கருப்பன் பெயரோடு உரக்கப் பாடினேன்.

“உக்காருங்கண்ணே, கூட்டம் நடக்குதுல்ல” என்றார் விழாக்காரர்.

“பண்ணையாரு போயி நூறு வருசமாச்சு தம்பி. இன்னும் யாரு வரப்புல நிக்கிறாங்க?” என்றேன்.