பானையில் மாட்டிய கழுத்து

ஜூன் 14, சனிக்கிழமை. ஆறு மணிக்கு எழுந்து சவரம் செய்து, ஓட்ஸ் சாப்பிட்டுவிட்டு, கண்ணாடி முகமூடியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு பிளேஸ்டோ பகுதிக்கு வருகிறேன். நாளை இந்தக் குளிர்நாட்டின் தெற்குக் கடலில், முப்பத்தைந்து மீட்டர் ஆழத்திலுள்ள பாறைத்திட்டுக்கு என்னுடன் ஸ்கூபா டைவிங் வரப்போகும் சுதனின் வீடு இங்கே இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்காரர். போனில் மட்டும்தான் பழக்கம். கீழே என் காற்று தீர்ந்தால் அவருடைய சிலிண்டர்தான் கதி.

சமையலறையில், தண்ணீர் புகாத டைவிங் உடுப்பு ஒன்றின் இறுக்கமான ரப்பர் கழுத்தைச் சோற்றுப் பானைமேல் இழுத்து மாட்டியிருக்கிறார். தளர்வதற்காம். பல வருடம் டைவ் செய்பவரின் உடுப்பில் கழுத்து மட்டும் எப்படிப் புதிதாக இருக்கும்?

"அடிக்கடி டைவ் போறதா சொன்னீங்களே?"

"ஓம் அண்ணை. என்ர உடுப்பு காருக்குள்ள கிடக்கு. இது உங்களுக்கு, சிநேகிதனிட்ட வாங்கி, கழுத்தை மட்டும் புதுசா மாத்தினது. அந்தமான் சுடுதண்ணியில முங்கின ஆள் நீங்கள். மேல வரேக்க இதுக்குள்ள இருக்கிற காத்தை விடத் தெரியுமோ?"

"தெரியாது. பழகிக்கலாம்."

"ஆழத்தில பழக ஏலாது. பலூன் மாதிரி மேல பறந்திடுவீங்கள். நாளைக்கு உங்களுக்குக் குவாரிக் குளம்தான், ஆறு மீட்டர்."

பாறைத்திட்டுக்குப் போகும் படகில் இடம் கிடைப்பது அரிது. என்னைக் குளத்துக்கு அனுப்பிவிட்டு வேறு யாரையோ கூட்டிப்போகப் பார்க்கிறார் என்றே தோன்றுகிறது. தலையாட்டிவிட்டுக் கிளம்புகிறேன்.

ஞாயிறு காலை, பல் விளக்கும் முன்பே படகுக்காரருக்குப் போன் செய்து, என் இடம் யாருக்குப் போனது என்று கேட்கிறேன். சுதன் நேற்றே தன்னுடையதையும் சேர்த்து இரண்டு இடங்களையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.