தேவாலய வாசலில் ஒரு தலைவர்

செய்னுலாப்தீன் ஒரு காலத்தில் கட்சித் தலைவர். இப்போது ஜெர்மனியில், வுப்பர்டால் நகரில், மகன் வீட்டுப் பின்னறையில் இருக்கிறார். தொண்ணூறில், போர்க்காலத்தில், மன்னாரிலிருந்து ஊர் முஸ்லிம்கள் அத்தனை பேரோடும் விரட்டப்பட்டு, புத்தளத்து முகாமில் இருந்தபடி இறையாட்சி முன்னணியைத் தொடங்கினார். மார்க்கச் சட்டமே நாட்டுச் சட்டமாக வேண்டும் என்பது அதன் கொள்கை. மைக்கைப் பிடித்தால் மனிதர் லேசில் விடமாட்டார். ஒரு தடவை பிரதேச சபைக்கும் தெரிவானார். சிநேகிதனின் கல்யாணத்துக்காகத் தேவாலயத்துக்குள் போன சொந்தத் தம்பியையே கட்சியை விட்டு நீக்கினார். பிறகு கட்சி இரண்டாகி, நாலாகி, கடைசியில் அவரையும் கழற்றிவிட்டது.

மகனுக்கு லொறி ஓட்டம். வாரக் கடைசியில்தான் முகம் காட்டுவான். பேரப்பிள்ளைகளுக்கு ஜெர்மன்தான் வாயில் வரும். பள்ளிவாசலில் பிரசங்கம் துருக்கி மொழியில். ஸலாம் சொல்லிக் கையைப் பிடிப்பார்கள், அதற்கு மேல் பேச்சில்லை.

மேல்மாடி இராயப்புவும் மன்னார்க்காரர், கத்தோலிக்கர். அவர் மட்டும் தினமும் வந்து கூப்பிடுவார். "என்ன தலைவர், இண்டைக்கு எந்த ஆட்சியைக் கவிழ்க்கிறியள்? தேத்தண்ணி குடிக்க வாங்கோ." அவர் மனைவி புஷ்பமலர் தேநீர் தருவார். பேச்சு ஊர்ப் பாலியாற்றங்கரை வரைக்கும் போய்வரும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் தலைவர் மிச்ச நாளைக் கழித்தார்.

மாசியில் புஷ்பமலர் இறந்துபோனார்.

"வெள்ளிக்கிழமை பூசை. வருவியள்தானே?" என்றார் இராயப்பு.

"வருவன்."

வந்தார். தேவாலய வாசலில் கால் நின்றுவிட்டது. உள்ளே போகாமலே சமாளிக்க ஒரு கணக்குப் போட்டார். ஊர் வழக்கப்படி பூசை முடியச் சவப்பெட்டி வெளியே வரும், சனம் பின்னால் நடக்கும். தானும் ஒரு தோள் கொடுத்து, ஒரு பிடி மண் போட்டுவிடலாம். யாரும் குறை சொல்ல முடியாது. கொட்டும் பனியில் காத்து நின்றார்.

பூசை முடிந்தது. பெட்டி வரவில்லை. இராயப்பு குடும்பம் பக்கத்து வாசலால் வெளியேறிவிட்டது. சனம் காரில் ஏறியது. கடைசியாக வந்த பெண்ணை நிறுத்திக் கேட்டார்.

"பெட்டியை இஞ்ச கொண்டுவாறேல்லை ஐயா. காலமையே சவக்காலைக்குக் கொண்டுபோட்டினம்," என்று சொல்லிவிட்டு அவள் ஓடிப்போய் நிறைந்திருந்த காரில் ஏறிக்கொண்டாள். அந்தக் கல்லறைத் தோட்டம் எந்தப் பக்கம் என்றுகூட அவருக்குத் தெரியாது.

அன்று மாலை மாடி ஏறினார். இராயப்பு கதவைத் திறந்தார்.

"வாசல்லதான் நிண்டன், இராயப்பு. பெட்டி வரும் எண்டு பாத்தன்."

"சம்பளத்துக்கு வந்த வெள்ளைக்காரர் தூக்கிச்சினம். எங்கட ஊராள் எண்டு ஒரு தோள் இருக்கேல்லை." இராயப்பு குரலை உயர்த்தவில்லை. "ஆருக்குப் பயந்து வெளியில நிண்டனீங்கள்?"

அல்லாஹ்வுக்கு என்று சொல்லியிருந்தால் இராயப்பு ஏற்றுக்கொண்டிருப்பார். அது பொய் என்பது செய்னுலாப்தீனுக்குத் தெரியும். மேடைக்குக் கீழே நின்று கைதட்டியவர்களுக்குத்தான் பயந்தார். அவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூட அவர்களில் ஒருவரும் விசாரிப்பதில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"களைப்பாயிருக்கு. படுக்கப்போறன்," என்று இராயப்பு கதவைச் சாத்தினார்.

மறுநாள் தேநீர் நேரத்தில் செய்னுலாப்தீன் சட்டையை மாற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை.