புனோம்பென்னுக்கு வந்த சேதி

கம்போடியாவில் ஏழு வருடம் இருந்தேன் என்று சொன்னால் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "அங்கோர்வாட் பாத்தீங்களா?" என்பதுதான். பார்க்கவில்லை. ஏழு வருடமும் நான் பார்த்தது சட்டைக் காலர்.

புனோம்பென் நகரத்துக்கு வெளியே, விமான நிலையத்தையும் தாண்டி ஒரு ஆயத்த ஆடை கம்பெனி. அம்பத்தூரில் இதே வேலை செய்துகொண்டிருந்த என்னை இரண்டாயிரத்து ஐந்தில் ஒரு ஏஜெண்ட் அங்கே அனுப்பிவைத்தான். தைத்து வருகிற சட்டைகளைத் திருப்பிப் பார்த்து, தையல் சரியில்லை என்றால் தள்ளிவிட வேண்டும். தள்ளினால் அந்தப் பெண் மறுபடி பிரித்துத் தைக்க வேண்டும். நாள் முழுக்க என்னை முறைத்துப் பார்க்க நாற்பது ஜோடிக் கண்கள் இருந்தன. காலையில் அந்தப் பெண்கள் ஆடுமாடு ஏற்றுவதுபோல் லாரியில் நெருக்கியடித்து நின்றுகொண்டு வருவார்கள். மதிய வெக்கையில் யாராவது ஒருத்தி மயங்கி விழுவாள். தண்ணீர் தெளித்து உட்கார வைப்பார்கள். நான் அடுத்த சட்டையை எடுப்பேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தேன்.

நான் தனிக்கட்டை. கல்யாணம் அமையவில்லை, பிறகு நானும் அதை விட்டுவிட்டேன். ஒரு அம்மாவின் வீட்டு மாடியில் ஓர் அறை எடுத்திருந்தேன். வயதில் மூத்த பெண்களை அங்கே 'ஓம்' என்று கூப்பிடுவார்கள், நம் ஊர்ப் பெரியம்மா மாதிரி. அந்த ஓம் கீழே வாசலில் கஞ்சி விற்றாள். அரிசிக் கஞ்சி, தொட்டுக்கொள்ளக் கருவாடு. திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவில் பிறந்தவனுக்கு அது அந்நியமான சாப்பாடு இல்லை. ஆனால் காலை ஆறரைக்கு, பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல் அதைக் குடிக்கும்போது தொண்டையில் இறங்காது. சித்திரை பிறக்கிற அதே நாட்களில்தான் அவர்களுக்கும் வருஷப் பிறப்பு. நகரமே காலியாகிச் சொந்த ஊருக்குப் போய்விடும். மூன்று நாள் கடை கிடையாது, கம்பெனி கிடையாது. பாக்கெட் நூடுல்ஸைத் தின்றுவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன்.

ஓம் ஒருநாள் கஞ்சியை ஊற்றிக்கொண்டே தன் வீட்டுக்காரரும் இரண்டு பிள்ளைகளும் செத்துப்போனதைச் சொன்னாள். எழுபதுகளில் அந்த நாட்டில் நடந்த கொலைக்காலத்தில் போனவர்கள். வீட்டுக்காரரை அடித்துக் கொன்றார்கள், பிள்ளைகள் பசியில் செத்தார்கள். என்றைக்கு, எந்த இடத்தில் என்று தெரியாது. "செத்துட்டாங்க, செத்துட்டாங்க, செத்துட்டாங்க" என்று மூன்று விரலை மடக்கிக் காட்டிவிட்டு, இன்னும் கொஞ்சம் கருவாடு வேணுமா என்று கேட்டாள். புரட்டாசி வாக்கில் செத்தவர்களுக்குச் சோறு வைக்கிற பண்டிகை ஒன்று அவர்களுக்குப் பதினைந்து நாள் வரும். தேதி தெரியாததால் பதினைந்து நாளும் விடாமல் சோற்றை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போவாள்.

எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. எங்கள் பக்கம் சாவை அப்படிப் பச்சையாகச் சொல்ல மாட்டார்கள். அதுவும் தூரத்தில் இருப்பவனிடம் சொல்லவே மாட்டார்கள். "முடியல, உடனே பொறப்பட்டு வா" என்பதோடு சரி. பஸ்ஸில் வருகிறவன் மயங்கி விழுந்துவிடுவான், வழியில் ஒரு டீகூடக் குடிக்க மாட்டான் என்ற அக்கறைதான். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். பக்கத்துத் தெருவில் சாமி கும்பிடுகிறவர்கள். இந்த விஷயத்தில் இரண்டு தெருவும் ஒன்றுதான். நானே நாலைந்து பேருக்கு இப்படிப் பொய் சொல்லி வரவழைத்திருக்கிறேன். குரலை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியும்.

என்னிடமும் ஒரு தடவை சொன்னார்கள். தொண்ணூற்று மூன்றில், அம்பத்தூரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பக்கத்து மளிகைக் கடைக்குப் போன் வந்தது. "அப்பாவுக்கு முடியல, வரச் சொல்றாங்க." சின்னப் பையன், நம்பிவிட்டேன். உடம்புதானே சரியில்லை என்று சனிக்கிழமை வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அப்பாவுக்கென்று ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் அரை டஜன் சாத்துக்குடியும் வாங்கினேன். வீட்டுக்குப் போனால் வாசலில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் சாயங்காலமே எடுத்துவிட்டார்களாம். வெயில் காலம், ஐஸ் பெட்டியெல்லாம் அப்போது எங்கள் பக்கம் கிடையாது, உடம்பு தாங்கவில்லை. என் கையிலிருந்த பையை வாங்கிப் பார்த்த அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அப்பா முகத்தை நான் பார்க்கவில்லை. இனிமேல் எவன் முடியவில்லை என்று சொன்னாலும் செத்தாயிற்று என்றே எடுத்துக்கொள்வது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அம்மாவின் முகத்தையாவது பார்த்துவிட வேண்டும், என் கையால் ஒரு பிடி மண் போட வேண்டும் என்பது அதற்குப் பிறகு எனக்கு ஒரு வெறி மாதிரி ஆகிவிட்டது.

நான் கம்போடியா போய் நாலு வருடம் ஆனபோது தம்பியின் போன் வந்தது. தம்பி ஊரோடு இருந்தவன், திண்டிவனத்தில் டயர் கடை வைத்திருந்தான். அம்மா அவனோடு இருந்தாள். நான் கஞ்சிக் கிண்ணத்தோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணா, அம்மாவுக்கு ஒடம்பு சொகமில்லண்ணா. நீ ஜல்தியா பொறப்பட்டு வா."

அதே குரல். கீழே இறக்கி, தட்டையாக. எனக்குத் தெரியாதா அந்தக் குரல்? ஒரு கேள்விகூடக் கேட்காமல் சரி என்று வைத்துவிட்டேன். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு ரோட்டில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க வாய்விட்டு அழுதேன்.

ஓம் ஓடிவந்து என்ன என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த அரைகுறை கெமர் மொழியில், அம்மா செத்துவிட்டாள் என்றேன்.

"செத்துட்டாங்கன்னு சொன்னாங்களா?"

"இல்லை. உடம்பு சரியில்லைன்னு சொன்னாங்க."

"அப்புறம் ஏன் அழறே?"

எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள் என்று விளக்கினேன். அவளுக்குப் புரியவில்லை. போனை எடுத்து என் கையில் திணித்து, "கேளு. செத்துட்டாங்களான்னு கேளு" என்றாள். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. மூன்று விரலை மடக்கிக் காட்டிவிட்டுக் கருவாடு பரிமாறுகிறவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். பெற்ற தாய் செத்துவிட்டாளா என்று எவனாவது வாய்விட்டுக் கேட்பானா?

ஆனால் போன் போட்டேன். டிக்கெட் கிடைத்து, பாங்காக்கில் மாறி, சென்னை போய், அங்கிருந்து பஸ் பிடித்து ஊர் போய்ச் சேர இரண்டு நாளாகும். அதற்குள் அடக்கம் செய்துவிடுவார்கள் என்ற பயம். தம்பி எடுத்தவுடன், "நீ பேசுண்ணா" என்று ஏதோ சொன்னான். நான் காதில் வாங்கவில்லை.

"டேய், நான் வர்ற வரைக்கும் எடுத்துடாதீங்கடா. ஐஸ் பெட்டி சொல்லி வெச்சிடு. யார் என்னா சொன்னாலும் சரி, நான் மொகத்த பாக்காம அம்மாவ குழில வெக்கக்கூடாது."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சரிண்ணா, வா" என்று தம்பி வைத்துவிட்டான். அவன் மறுக்கவில்லை என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் திண்டிவனத்தில் இறங்கினேன். சாவு வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாதென்று ஒரு பெரிய ரோஜா மாலை வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். தெருமுனையில் இறங்கியபோது பறைச் சத்தம் இல்லை. பந்தல் இல்லை. வீடு பூட்டியிருந்தது. எடுத்துவிட்டார்கள் என்று நினைத்துப் படியில் உட்கார்ந்துவிட்டேன். எதிர்வீட்டுப் பெண்மணி வெளியே வந்து முதலில் மாலையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இன்னாங்க இது? ஒங்க அம்மா விழுப்புரம் பெரியாஸ்பத்திரில இல்ல இருக்காங்க? நேத்துல இருந்து கஞ்சி குடிக்கறாங்களாம். தம்பி சொல்லலியா?"

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது என்றுதான் நினைக்கிறேன். அதற்கு முன்னால் வந்தது வெட்கம். மாலையை அங்கே போட முடியவில்லை, அந்தப் பெண்மணி பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் பிடித்துக்கொண்டே விழுப்புரம் பஸ்ஸில் ஏறி, சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, இறங்கும்போது எடுக்காமல் இறங்கினேன்.

வார்டில் அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நெஞ்சு வலியில் கொண்டுவந்திருந்தார்கள், சேர்த்த அன்றைக்கு டாக்டர்களே கைவிரித்திருந்தார்களாம். பாதி உடம்பாக இருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "வந்துட்டியா? இன்னும் எடுக்கலப்பா" என்றாள்.

கேலியும் இல்லை, கோபமும் இல்லை. பஸ் இன்னும் வரவில்லை என்று சொல்வதுபோல் சொன்னாள். தம்பியைப் பார்த்தேன், அவன் வெளியே நடந்தான். பின்னாலேயே போனேன்.

"ஒன் கொரல கேட்டா தெம்பு வரும்னு போன அம்மா காதுல வெச்சேண்ணா" என்றான். "கண்ண மூடிக்கினு கேட்டுக்கினு இருந்தாங்க. நீ பேசி முடிச்சதும் என்னாண்ட குடுத்துட்டு, அவன் வரட்டும்னு மட்டும் சொன்னாங்க. நீ இன்னா சொன்னேன்னு அப்பறமா அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும்."

பத்து நாள் இருந்தேன். கால் அமுக்கினேன், ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். மன்னிச்சிடும்மா என்று சொல்ல வாயைத் திறப்பேன், அவள் கெடார் கிராமத்தில் இருக்கும் தன் அக்கா மகளின் மாட்டைப் பற்றிப் பேச ஆரம்பிப்பாள். நான் கேட்டது அவள் உயிரை இல்லை, அவள் பிணத்தை. அதற்கு எந்த வார்த்தையில் மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. திரும்பிப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அம்மா மூன்று வருடம் இருந்தாள். நடந்தாள், சமைத்தாள், ஞாயிறு பூசைக்குப் போனாள். போனை மட்டும் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் கூப்பிடுவேன். "அம்மாகிட்ட குடுடா" என்பேன். "நல்லா இருக்கேன்னு சொல்லு" என்று பக்கத்தில் அவள் சொல்வது கேட்கும். அவ்வளவுதான். ஒரு தடவை லீவில் போனேன், நெத்திலிக் குழம்பு வைத்துக் கொடுத்தாள், நிறையப் பேசினாள். இதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவளுக்கு வருத்தமா என்று நேராகக் கேட்டிருக்கலாம். எங்கள் வீட்டில் அப்படிக் கேட்டுப் பழக்கம் இல்லை.

கடைசிப் போன் வேலை நேரத்தில் வந்தது.

"அண்ணா, அம்மா செத்துட்டாங்க. காலைல அஞ்சு மணிக்கு."

இவ்வளவு நேராக எங்கள் குடும்பத்தில் யாரும் யாருக்கும் சொன்னதில்லை. தையல் மிஷின் சத்தத்தில், "டிக்கெட் பாக்கறேன்" என்று கத்தினேன்.

"வேணாண்ணா. நாலு மணிக்கு எடுத்துடறோம்."

"டேய், ரெண்டே நாள்டா."

"அம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க. பெரியவன் வரணும்னு என்ன வெச்சிக்கினு இருக்காதீங்க, அன்னிக்கே எடுத்துடுங்கன்னு. பங்குச் சாமியார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்காங்க. நான் இன்னா பண்ணட்டும்?"

நான் அலைய வேண்டாம் என்று சொன்னாளா, என் கண்ணில் பட வேண்டாம் என்று சொன்னாளா?

"கோவமா சொன்னாங்களாடா?"



"எனக்கு எப்பிடிண்ணா தெரியும்? மூணு வருஷம் இருந்தாங்களே. நீ ஒரு தடவ கேட்டிருக்கலாம் இல்ல?"

நம் ஊரில் நாலு மணி என்றால் அங்கே ஐந்தரை. ஐந்தரைக்கு வெளியே லாரிகள் வந்து நின்றன, பெண்கள் ஏறத் தொடங்கினார்கள். என் மேஜையில் ஒரு சட்டை மிச்சம் இருந்தது. காலரைத் திருப்பிப் பார்த்தேன். தையல் சரியாக இருந்தது. பாஸ் என்று எழுதி வைத்தேன்.