கோழி தின்ற ஊர்

சமூகப்பணி படித்த நான்கு வருடத்தில் விரிவுரை மண்டபம் எனக்குப் பெரிதாக ஞாபகம் இல்லை. ஞாபகத்தில் நிற்பதெல்லாம் மூன்றாம் வருடக் களப்பயிற்சிதான். சனிக்கிழமை காலையில் பரந்தன் சந்தியில் இறங்கி முல்லைத்தீவு பஸ்ஸுக்கு நிற்போம். கூட வருகிறவன் பளைப் பெடியன், என் வகுப்புக்காரன். பஸ் வருவதற்குள் இரண்டு வடை, ஒரு பிளேன்ரீ, பிறகு இன்னொரு வடை என்று அவனுடைய களப்பயிற்சி அங்கேயே தொடங்கிவிடும். பஸ்ஸில் படம் வரைய நான் சுருட்டிப் பிடித்திருக்கும் பிறிஸ்ரல் மட்டை முன்னால் இருப்பவரின் தலையில் இடிக்கும், அவர் திரும்பி முறைப்பார், இவன் என்னைக் காட்டிக்கொடுப்பான். அந்தச் சனிக்கிழமைகள் எனக்கு இன்னமும் வேண்டும். கேட்டால் யார் தரப்போகிறார்கள்?

எங்களுக்குக் கிடைத்தது வாய்க்கால் கரையிலுள்ள ஒரு சின்னக் கிராமம். முதல் வேலை, ஊர்ச்சனத்தைக் கொண்டே ஊரின் படத்தை நிலத்தில் வரைவிப்பது. எங்களை மேற்பார்வை செய்த மிஸ் குரலை உயர்த்தாமலே ஆளை வெட்டக்கூடியவர். "நீங்கள் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கோ. அது அவையின்ர ஊர். உங்களுக்கென்ன தெரியும்?" என்று சொல்லி அனுப்பினார். எனக்குக் கோபம்தான் வந்தது. நானும் வன்னியில் பிறந்து வளர்ந்தவள், எனக்குத் தெரியாத ஊரா என்று.

பொதுநோக்கு மண்டபத்து முற்றத்தைக் கூட்டிவிட்டுப் பெண்கள் தொடங்கினார்கள். சாம்பலால் ரோட்டும் வாய்க்காலும், புளியங்கொட்டையால் கிணறுகள். ஒரு பிடி நெல் வைத்தால் ஒரு வீடு. "உன்ர வீட்டைக் கொண்டுவந்து ஏனடி என்ர வளவுக்குள்ள வைக்கிறாய்?" என்று இரண்டு பேர் உண்மையாகவே சண்டைக்குப் போனார்கள். கடைசியாக வந்தவர் வாய்க்காலுக்கு அங்கால் இருந்த ஒரு முஸ்லிம் அக்கா. தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது போய், கன காலம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டுத் தன் காணிக்குத் திரும்பியவர். அந்தக் கரையில் குடியிருந்தது அவர் குடும்பம் மட்டும்தான். ஒருவரையும் இடிக்காமல் வந்து, ஓரத்தில் ஒரு பிடி நெல்லை வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

தேத்தண்ணி வந்துவிட்டது என்று எல்லோரும் மண்டபத்துக்குள் போனோம். திரும்பி வந்து பார்த்தால் ஏழெட்டுக் கோழிகள் ஊரைத் தின்றுகொண்டிருந்தன. பெண்கள் சிரித்த சிரிப்பு! ஒருத்தி நிலத்திலேயே இருந்துவிட்டாள். போனில் படம் எடுக்கவில்லையா என்று இப்போது என்னிடம் படிக்கிற பிள்ளைகள் கேட்பார்கள். தேத்தண்ணி குடித்துவிட்டு எடுப்போம் என்று இருந்தோம், அவ்வளவுதான்.

"இன்னொருக்கா வைப்பிப்பம், நான் போய்க் கூப்பிடுறன்" என்றான் பளைப் பெடியன். பெண்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள், எனக்கோ நாலு மணி பஸ். "தேவையில்லை. எல்லாம் என்ர தலைக்குள்ள இருக்கு" என்றேன். அன்றிரவே விடுதியில் இருந்து நாலு நிறத்தில் வரைந்தேன். வகுப்பில் அதற்குத்தான் ஆகக் கூடின புள்ளி. கிராம அபிவிருத்திச் சங்கத்துக்காரர் அதை மண்டபச் சுவரில் மாட்டினார்கள். பிறகு, ஊருக்குக் குழாய்த்தண்ணீர் வருகிறது, வீடுகள் எங்கே இருக்கின்றன என்று பிரதேச சபை கேட்டபோது, சங்கச் செயலாளர் என் படத்தின் பிரதியைத்தான் கொடுத்தாராம். அதை விடுதியில் நான் சொல்லாத ஆளில்லை.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் கழிந்து வந்த சனிக்கிழமை அந்த அக்காவை வாய்க்கால் கரையில் கண்டோம். சைக்கிளில் இரண்டு பக்கமும் தண்ணீர்க் கான்களைக் கட்டி உருட்டிக்கொண்டு போனார். பக்கத்திலேயே பைப் தாழ்க்கக் கிடங்கு வெட்டிக்கொண்டு வந்து, வாய்க்காலோடு நிறுத்தியிருந்தார்கள்.

"ஏன் அக்கா, உங்கட பக்கம் வரேல்லையா?"

"இல்ல மகள். படத்துல எங்கட வீடு இல்லையாம்." சரிந்த கானை நிமிர்த்தினார். "நான் வச்சனான்தானே அன்டைக்கு? கோழி திண்டிருக்கும்."

கோபமே இல்லாமல் சொன்னார். எனக்கு முகம் எரிந்தது. கோழி எல்லா வீட்டையும்தான் தின்றது. நான் மறந்தது அந்த ஒரு வீட்டைத்தான். அது ஏன் என்று கேட்டால், என்னைக் காப்பாற்றுகிற பதில் எதுவும் இன்றுவரை என்னிடம் இல்லை.

திங்கட்கிழமை மிஸ்ஸிடம் போய் அழுதேன். "எனக்கேன் சொல்லுறீர்? அங்க போய்ச் சொல்லும்" என்றார். பைப் போகும் வீடுகளின் கடைசிப் பட்டியலை அந்தக் கிழமைதான் சபைக்கு அனுப்பப்போகிறார்கள் என்று பளைப் பெடியன் விசாரித்து வந்தான். அதில் விடுபட்டால் அந்த அக்கா சைக்கிள் உருட்டவேண்டியதுதான்.

சங்கக் கூட்டத்துக்கு அக்காவையும் கூட்டிக்கொண்டு போனோம். எழும்பி, "படம் பிழை. அந்தப் பிழை என்ர" என்றேன். பின்னால் சிலர் சிரித்தார்கள். செயலாளர் நல்ல மனுசன், ஆனால் தலையைச் சொறிந்தார்.

"ஒரு வீட்டுக்காக வாய்க்காலுக்கு மேலால பைப் இழுக்கச் சபை ஒத்துக்கொள்ளுமோ தெரியாது. எழுதித்தான் பாப்பம்." கொப்பியில் 'ஒரு வீடு' என்று எழுதினார்.

நான் சுவரிலிருந்து படத்தைக் கழற்றி மேசையில் விரித்து, அக்காவின் கையில் பேனையைக் கொடுத்தேன். வாய்க்காலுக்கு அங்கால் வெறுமையாகக் கிடந்த மூலையில் அவர் ஒரு சின்னச் சதுரம் போட்டார். முடிந்தது என்று பேனைக்குக் கை நீட்டினேன். அவர் தரவில்லை. பக்கத்தில் இன்னொரு சதுரம் போட்டார்.

"இது மூத்த காக்காட வீடு. இது மச்சாள்ட." காக்கா என்றது அவருடைய அண்ணனை. பிறகு இன்னொன்று. பிறகும் இன்னொன்று. ஒவ்வொன்றும் யாருடையது என்று சொல்லிச் சொல்லி, தன்னுடையதைச் சேர்த்து ஏழு சதுரம் போட்டு முடித்தார்.

"அக்கா, அவையெல்லாம் இன்னும் புத்தளத்திலயெல்லே?" என்றார் செயலாளர். "ஆக்கள் இல்லாத வீட்டுக்கு என்னெண்டு தண்ணி கேக்கிறது?"

"போன வருசம் வந்தவங்க தம்பி. காணியெல்லாம் துப்பரவாக்கினவங்க. குடிக்கத் தண்ணியில்லாமத்தான் பிள்ளைகளோட திரும்பிப் போனவங்க."

எனக்கு அழுகை வந்தது, நான் அதை மறைக்கவும் இல்லை. செயலாளர் படத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கொப்பியை இழுத்து, 'ஒரு வீடு' என்பதை வெட்டிவிட்டு 'ஏழு வீடு' என்று எழுதினார்.