முப்பத்தைந்துக்கு மேல் வேண்டாம் என்றேன்

மூன்று வருடத்துக்கு முன்பு, ஒரு மே மாதத்தில், தாம்பரத்தில் நடந்தது இது. இரும்புலியூர் பக்கம் ஒரு மண் மைதானத்தில் ஞாயிறு காலையில் ஹாக்கி ஆடுவோம். நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். திருப்பூர், சூரத், பெங்களூரு என்று சுற்றிவிட்டு, அப்போது கேளம்பாக்கத்தில் டைல்ஸ் ஒட்டிக்கொண்டு முடிச்சூரில் ஒரு அறையில் இருந்தேன். எந்த ஊரிலும் ஒரு வருடம் தாண்டியதில்லை. தொடர்ந்து திரும்பி வந்த ஒரே இடம் இந்த டீம்தான்.

அந்த வருடமும் உள்ளூர்ப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். டீமில் பாதிப் பேர் வயதானவர்கள். அவர்களை வைத்துக்கொண்டே ஓட்டையை அடைப்பதா, மொத்தமாகக் கலைத்துவிட்டு காலேஜ் பையன்களை வைத்துப் புதிதாகக் கட்டுவதா என்று டீக்கடையில் வாக்குவாதம். சத்தமாகப் பேசியது நான்தான்.

"பாதிப் பாதியெல்லாம் வேலைக்கு ஆவாதுண்ணா. முப்பத்தஞ்சுக்கு மேல யாரும் வேணாம். சுத்தமா புதுசா ஆரம்பிக்கலாம்."

எனக்குத் தெரிந்த வழி அதுதான். வேலை சரியில்லை என்றால் ஊரையே மாற்றிவிடுவேன்.

எங்கள் கோல்கீப்பர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், நாற்பதைத் தாண்டியவர். சர்ச்சில் முதல் ஆராதனை முடிந்து நேராக மைதானத்துக்கு வருவார். அவர் சிரித்தார். "என்னைவிட என் பேடுக்கு வயசு ஜாஸ்தி மச்சான். அதையும் தூக்கிடுவியா?"

கேப்டன் கை தூக்கச் சொன்னார். என் பேச்சுதான் ஜெயித்தது. கோல்கீப்பர் காலில் கட்டும் அந்தப் பேடை வாத்தியார் தன் பையிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தார். "வெயில்ல காய வை. இல்லன்னா நாறும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம், வேறொரு போட்டிக்குப் பெயர் கொடுக்க எல்லாரிடமும் ஆதார் நகல் வாங்கினார் கேப்டன். என்னுடையதைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"டேய், இன்னாடா இது? உனக்கு முப்பத்தேழு ஆவுது!"

உண்மையில் எனக்கு முப்பத்து மூன்று. பதினாலு வயதில் கட்டட வேலைக்குப் போனபோது, பதினெட்டு என்று சொன்னால்தான் எடுப்போம் என்றார் மேஸ்திரி. சொன்னேன். பிறகு எடுத்த அட்டைகளிலெல்லாம் அந்தப் பொய்யே ஏறிவிட்டது. பள்ளிச் சான்றிதழை நான் வாங்கவே இல்லை.

"முப்பத்து மூணுதாண்ணா, சத்தியமா" என்றேன்.

"ரூல் நீங்க போட்டதுதானேண்ணா?" என்றான் ஒரு காலேஜ் பையன். எல்லாரும் சிரித்தார்கள். 'நான் நல்லாத்தானே ஆடுறேன்' என்று வாய் வரை வந்தது. வாத்தியாரைத் தூக்கியபோது, அவர் நன்றாக ஆடுகிறாரா என்று யாருமே கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அறைக்குப் போய்ப் பையைக் கட்டினேன். கோயம்புத்தூரில் வேலை இருந்தது. ரயில் ஏறுவதற்குள் வாத்தியார் போன் செய்தார்.

"உன்னையும் கழட்டிட்டாங்களாமே! ஞாயித்துக்கிழமை வா. பசங்க பிராக்டிஸுக்கு எதிர்ல ஒரு டீம் வேணும்ல. நாங்க அஞ்சு பேர் இருக்கோம்."

கோபமாகப் பேசியிருந்தால் கோயம்புத்தூருக்கே போயிருப்பேன். அவர் ஆள் குறைகிறது என்றுதான் சொன்னார். போகவில்லை.

முதல் வாரம் வாத்தியாரிடம் பேடைத் திருப்பிக் கொடுத்தேன். அன்று பையன்கள் எங்களை ஐந்து கோல் வித்தியாசத்தில் அடித்தார்கள். மூச்சு வாங்கியது. மூன்றாவது வாரம் வாத்தியார் ஒரு பந்தையும் உள்ளே விடவில்லை. அதற்குப் பிறகு கேப்டன் ரூலை மாற்றினார். வாத்தியாரையும் இன்னும் இரண்டு பேரையும் டீமில் திரும்ப எடுத்தார். என்னை எடுக்கவில்லை. என் இடத்தில் ஆடிய பையன் என்னைவிட வேகம். அது எனக்கே தெரிந்தது. மிச்சம் இருந்தவர்களோடு நான் எதிர்ப்பக்கமே ஆடினேன்.

இப்போதும் வார நாட்களில் எந்த ரயிலைப் பார்த்தாலும் ஏறிவிடலாமா என்றுதான் இருக்கிறது; ஆனால், கழற்றிவிட்ட பிறகும் எதிர்ப்பக்கம் நின்று ஆட ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நான் இந்த ஊரைவிட்டுப் போனதில்லை.