மதினி வீட்டுக்காரரை எப்படிக் கூப்பிடுவது?

எழும்பூரில் இரவு ஏறிய ரயில், விடியும் முன்னே எங்களைத் திண்டுக்கல்லில் இறக்கிவிட்டது. கணவர் செந்தில், மூன்று வயது மகள் தாரணி, இரண்டு பெட்டிகள், கூடவே என் பயம். குஜிலியம்பாறைக்குப் பக்கத்துக் கிராமத்தில், செந்திலின் குலதெய்வக் கோயிலில், அன்று தாரணிக்குக் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். நானோ வீட்டுக்கு ஒரே பிள்ளை. அப்பாவும் அம்மாவும் இரண்டு குடும்பத்தையும் எதிர்த்து மணந்தவர்கள் என்பதால், ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி என்று சொல்லிக்கொள்ளவும் எனக்கு யாரும் இல்லை. "ஊர்ல பாத்துக்குவாங்க" என்று ஒரு மாதமாக ஒரே பதிலைச் சொல்லி வந்தார் செந்தில்.

பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய். டீ குடித்து நிமிர்ந்தபோது மலைக்கோட்டைப் பாறைமேல் வெளிச்சம் விழுந்திருந்தது. அவ்வளவு பெரிய கல்லை இப்படி ஊருக்கு நடுவில் வைத்துக்கொண்டு, யாரும் அதை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் பஸ் பிடிக்க ஓடினார்கள்.

குஜிலியம்பாறை ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். எரியோடு தாண்டியதும் பச்சை குறைந்து, முருங்கைத் தோட்டமும் சோளக்காடும் மாறி மாறி வந்தன. பக்கத்து இருக்கைப் பெண், யார் வீட்டுக்குப் போகிறோம் என்று விசாரித்தார். மாமனார் பெயரைச் சொன்னேன். தன் தங்கையைக் கட்டிக்கொடுத்த வீட்டில் தொடங்கி, நாலைந்து கல்யாணங்களைத் தாண்டி வந்து, "அப்ப நீ எனக்கு மருமக முறைத்தா" என்று முடித்தார். தாரணி அவர் மடிக்குப் போய்விட்டாள். சென்னையில் எங்கள் அடுக்ககத்தில் ஆறு வருடமாக எதிர்வீட்டில் இருப்பவரும் 'ஆன்ட்டி'தான், காய்கறி கொண்டுவருபவரும் 'ஆன்ட்டி'தான். இங்கே ஒரு கொய்யாப்பழம் தின்று முடிப்பதற்குள் எனக்கு ஒரு மாமியார் கிடைத்துவிட்டார். உடனே அவர், பிள்ளைக்கு மாமன் எந்த ஊர் என்று கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கோயிலில் நல்ல கூட்டம். பெரியப்பா, சித்தப்பா, அத்தை என்று எல்லோரும் செந்தில் பக்கத்து ஆட்கள். வேப்பமரத்தடியில் தன் காரை ஒட்டித் தனியாக நின்றிருந்தார் மதினியின் வீட்டுக்காரர். மதினி, செந்திலுக்கு அக்கா. வீட்டுக்காரர் வேடசந்தூரில் தேங்காய் மண்டி வைத்திருக்கிறார். செந்தில் அவரை 'மாமா' என்பார்; கல்யாணமான நாளிலிருந்து நானும் அப்படியே கூப்பிட்டு வந்தேன். ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டிவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவார். எங்கள் கல்யாணம் அவருக்குப் பிடிக்கவில்லை என்று நானே முடிவுகட்டியிருந்தேன். அன்றும் "வாங்க மாமா" என்றேன். அன்றும் நகர்ந்து போனார்.

மொட்டை போட்டு முடிந்தது. காது குத்தும் ஆசாரி பாயை விரித்து உட்கார்ந்து, மாமனை வரச் சொன்னார். யாரும் அசையவில்லை. அத்தனை கண்களும் என் பக்கம் திரும்பின. மதினிதான் வேகமாகப் பக்கத்தில் வந்தார்.

"அவுகளுக்கு வெத்தல பாக்கு வச்சியா?"

"யாருக்கு மதினி?"

"எங்க வீட்டுக்காரருக்குத்தான். தங்கச்சி அழைக்காம அவுக எப்பிடி வந்து உக்காருவாக? சீர்த்தட்டு அம்புட்டும் காலையில இருந்து கார்லயே கெடக்கு."

அவர் எனக்கு மாமா அல்லவா என்று இழுத்தேன். மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒம் புருசனுக்கு மாமா. ஒனக்கு அண்ணன். நாத்தனா புருசன் அண்ணந்தானே? கட்டிக்கிற முறைக்காரனக் கூப்பிடுற மாதிரி நீ மாமா மாமாங்கவும், மனுசன் கூசிப்போயி தள்ளித் தள்ளிப் போறாக."

வெற்றிலை வைப்பதை மாமியார் சொல்லியிருப்பார் என்று மதினி நினைத்திருக்கிறார். செந்தில் சொல்லியிருப்பார் என்று மாமியார் நினைத்திருக்கிறார். செந்தில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாம்பூலத் தட்டோடு வேப்பமரத்துக்குப் போனேன். அந்தச் சொல்லை வாழ்நாளில் நான் யாரிடமும் உரிமையாகச் சொன்னதில்லை.

"அண்ணே, வாங்க. உங்க மருமக காத்துக்கிட்டிருக்கா."

வெற்றிலையை இரண்டு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "வாரேன்த்தா" என்றார். கார் டிக்கியைத் திறந்தார். தட்டுகளில் பாவாடை, கம்மல், பழம், பூ. ஒரு தட்டில் எனக்கும் ஒரு சேலை.

தாரணி அவர் மடியில் ஊரைக் கூட்டி அழுதாள்; பார்த்துக்கொண்டு நின்ற நானும் அழுதேன். ஆள் வந்த பிறகு அவருக்கு வைக்கும் பெயர்தான் உறவுமுறை என்று அதுவரை நினைத்திருந்தேன். இங்கே முறை முன்னாலேயே போய் இடம் பிடித்து வைத்திருந்தது. தாலி ஏறிய அன்றே, அண்ணன் இல்லாத எனக்கு ஓர் அண்ணன் வந்திருக்கிறார். அது தெரியாதவள் நான் ஒருத்திதான்.

சாயங்காலம் அவரே காரில் திண்டுக்கல் ஸ்டேஷனில் கொண்டுவந்து விட்டார். வழியில் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். எதிர் வெயிலில் அந்த வறண்ட சமவெளி முழுக்கச் செம்பு நிறமாக இருந்தது.

மறுநாள் காலை எங்கள் அடுக்ககத்தில் லிஃப்ட் கதவு மூடியது. உள்ளே நின்ற நால்வரும் வழக்கம்போல ஆளுக்கொரு சுவரைப் பார்த்தோம். என் போன் அடித்தது. தெரியாத எண். யார் என்று கேட்டேன்.

"அண்ணன் பேசுறேன்த்தா. வீடு போய்ச் சேந்தாச்சா?"