பவுடர் டின்னில் போன வண்டுகள்

போன மாதம் சாஆ என்ற சின்ன ஊரில் ஒரு மண்டபத்தில் கொசுவைப் பற்றிப் பேசப் போயிருந்தேன். கொசுவைப் பற்றிப் பேசுவதுதான் என் பிழைப்பு. ஆண் கொசுவின் மரபணுவில் ஒரு சின்னத் திருத்தம் செய்து வெளியே விடுகிறோம். ஆண் கொசு கடிக்காது. ஊரில் இருக்கும் பெண் கொசுக்களோடு அது சேர்ந்து பிறக்கும் புழுக்கள் இறக்கை முளைக்கும் முன்பே செத்துப்போகும். டிங்கிக் காய்ச்சல் குறையும். இதை மலாயில் ஒரு தடவையும் தமிழில் ஒரு தடவையும் சொல்லிவிட்டு, கேள்வி ஏதாவது உண்டா என்றேன். தப்பித்தவறி அது பிள்ளைகளைக் கடித்துவிட்டால் என்ன ஆகும், பல்லி அதைத் தின்றால் பல்லிக்கு என்ன ஆகும் என்று வழக்கமான கேள்விகள் வந்தன. அதற்கெல்லாம் திரையில் காட்ட என்னிடம் படம் இருக்கிறது.

கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். தோளில் துண்டு, காலில் ரப்பர் பூட்ஸ். வீடு வீடாகக் கொசுப் புகை அடிக்கிறவர்.

“டாக்டர், உங்க கொசு நல்லா வேலை செஞ்சிச்சின்னா, எனக்கு வேலை இருக்குமா?”

மண்டபமே சிரித்தது. அவரும் சிரித்தார், ஆனால் உட்காரவில்லை. புகை அடிப்பது உடனே நிற்காது, மெதுவாகத்தான் குறையும் என்று என்னென்னவோ குழறினேன். அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் படம் இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது. ஏனென்றால் எட்டு வயதில், என் அம்மாவுக்காக நானே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

நான் பிறந்து வளர்ந்தது சாஆவுக்கும் பெக்கோக்குக்கும் நடுவே, எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் ஒரு தோட்டத்தில். அம்மாவுக்கு அங்கே வினோதமான ஒரு வேலை. செம்பனையில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஆண் பூவின் மகரந்தத்தைத் தட்டி எடுத்து, காயவைத்து, முகப் பவுடரைப் போன்ற ஒரு மாவோடு கலந்து, பீச்சாங்குழலில் அடைத்துக்கொண்டு மரங்களுக்கு நடுவே நிரை நிரையாகப் போவார்கள். எந்தப் பெண் பூ இன்றைக்கு மலர்ந்திருக்கிறது என்று மட்டைக்குள் தலையை விட்டுப் பார்த்து அதன் மேல் ஊத வேண்டும். விட்டுவிட்டால் குலை பாதி சொத்தையாகப் போய்விடும். எட்டுப் பெண்கள் இதைச் செய்தார்கள். சாயங்காலம் அம்மா வீடு வரும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். செம்பனைப் பூவுக்குச் சோம்பு வாசம் என்பது பலருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், அம்மாவின் கழுத்தில் அந்த வாசம் இருக்கும்.

கழுத்தில் வாசம் மட்டுமல்ல, வலியும் இருந்தது. நாள் முழுக்க அண்ணாந்தும் குனிந்தும் பார்த்து, ராத்திரியில் தலையைத் திருப்ப முடியாமல் படுத்திருப்பாள். நான் தைலம் தேய்த்துவிடுவேன். “போதும்லா, உன் கை வலிக்கப் போவுது,” என்பாள். இந்த வேலை ஒழிந்தால்தான் அம்மாவுக்கு விடிவு என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அம்மாவிடம் கேட்டு முடிவு கட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அந்த வருஷம் தோட்டத்துக்கு ஒரு ஆராய்ச்சி ஆபீசர் வந்தார். கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர், பட்டணத்துத் தமிழ். கூடவே வண்டுகளும் வந்தன. அரிசி மணி அளவுகூட இருக்காது, மூக்கு மட்டும் நீளம். செம்பனை ஆப்பிரிக்க மரம், அங்கே அதன் பூவுக்குப் பூ மகரந்தம் சுமப்பது இந்த வண்டுதான். இங்கே மரத்தைக் கொண்டுவந்தவர்கள் வண்டை விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். அதன் வேலையைத்தான் இத்தனை காலமும் என் அம்மா செய்துகொண்டிருந்தாள்.

ஆற்றோரத்துப் பகுதியில் மட்டும் வண்டை விட்டார்கள். அதற்குக் காவல் என் அப்பா. வெளியாள் யாரும் உள்ளே போகக் கூடாது, உள்ளே இருந்து ஒரு பூங்கதிர்கூட வெளியே வரக் கூடாது என்பது அவருக்கு உத்தரவு. ரப்பர் காட்டுக்கு அந்தப் பக்கம், மேட்டில் இருந்த இன்னொரு பகுதியில் அம்மாவும் மற்ற ஏழு பேரும் பழையபடி தூள் ஊதிக்கொண்டிருந்தார்கள். ஒரு வருஷம் கழித்து இரண்டு பகுதியிலும் குலைகளை வெட்டி ஒப்பிட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. அந்த ஒரு வருஷமும் எட்டுப் பேருக்கும் வேலை நிச்சயம். அதற்கு முன்பே வேலை போனால் களைக்கு மருந்து அடிக்கும் கூட்டத்துக்குத்தான் போக வேண்டும். அம்மா கல்யாணமான புதிதில் அங்கே இருந்து, சோறு இறங்காமல் வாந்தி எடுத்துத் தப்பி வந்தவள். தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா தீபாவளியோடு ஓய்வு பெறுவதாக இருந்தார். அந்த இடத்தை அம்மாவுக்குத் தருவதாக, தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் வாக்குக் கொடுத்திருந்தார். அம்மாவுக்கு வேண்டியதெல்லாம் தீபாவளி வரைக்கும் அந்தத் தூள் வேலை. இதெல்லாம் வீட்டில் என் காதுபடத்தான் பேசினார்கள். நான் தைலம் தேய்ப்பதிலும் என் எண்ணத்திலும் மும்முரமாக இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். ஆபீசர் ஒரு ஆண் பூவை உடைத்து, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். உள்ளே வண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, உடம்பெல்லாம் மஞ்சள் பொடியோடு திருவிழாக் கூட்டமாக நெரிந்துகொண்டிருந்தன. கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனமே வரவில்லை. என் வாழ்க்கையில் நான் காதலித்த முதல் உயிர் அதுதான் என்று சொன்னால் என் கணவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

“உங்கம்மா தூள் ஊதறாங்கல்ல? இனிமே அந்த வேலையெல்லாம் இதுங்களே பாத்துக்கும்,” என்றார் ஆபீசர்.

அவர் விளையாட்டாகச் சொன்னார். எனக்கோ தலைகால் புரியவில்லை. வேலையெல்லாம் இதுங்களே பார்த்துக்கொள்ளும்! அப்படியானால் அம்மா மர நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கலாம், சம்பளம் அதுபாட்டுக்கு வரும். இவ்வளவு நல்ல சாமானை ஏன் ஆற்றோரத்திலேயே வைத்துக்கொண்டிருக்கிறார்கள்? பெரியவர்களுக்கு யோசனையே கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் காலியான பவுடர் டின்கள் கிடந்தன. அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும், அப்பா மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சோறு சாப்பிடக் குந்திய நேரம், பின்பக்கமாக நுழைந்தேன். வண்டு மொய்க்கும் பூங்கதிர்களை ஒடித்து டின்னில் போட்டு, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ரப்பர் காட்டைக் கடந்து அம்மாவின் நிரைக்குப் போய், மலர்ந்திருந்த ஆண் பூக்களின் மேல் கொட்டினேன். ஒரு நாள் அல்ல, அந்த வாரம் முழுக்க. பள்ளிக்கூடம் முடிந்து அம்மாவைத் தேடி நான் அங்கே போவது வழக்கம்தான், அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. அது பெரிய பரிசு அல்லவா, தெரியவரும்போது தெரியட்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டேன்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஒரு மத்தியானம் நான் போனபோது அம்மாவின் நிரையில் கூட்டமாக இருந்தது. ஆபீசர், மண்டோர், எட்டுப் பெண்கள், விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்த அப்பா. கீழே ஒரு ஆண் பூ பிளந்து கிடந்தது. அதிலிருந்து வண்டுகள் சிதறி ஓடின. எப்படிப் பெருகியிருந்தன தெரியுமா! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“அலமாக்! ஒண்ணு ரெண்டா இருந்தா பறந்து வந்துச்சின்னு சொல்லலாம்,” என்றார் மண்டோர். “இது யாரோ கொண்டாந்து போட்டிருக்காங்க. யாரு அது?”

“ஒரு வருஷ வேலை போச்சு. இனிமே எதோட எதை ஒப்பிடறது?” என்றார் ஆபீசர். கோபப்படவில்லை, மண்ணில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

மண்டோர் அப்பாவின் பக்கம் திரும்பினார். “காவலுக்கு இருந்தது நீதானே? உனக்குத் தெரியாம எப்படி வெளிய போவும்? தொரை கேட்டா நான் என்ன சொல்ல? நாளைக்கே தோட்டத்து வீட்டக் காலி பண்ணும்பாரு.”

அப்பாவின் முகம் வெளுத்தது. எனக்கு அதெல்லாம் காதில் விழுந்தும் மண்டையில் ஏறவில்லை. யாரு அது என்று கேட்டார்கள், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்தால் என்ன செய்வோமோ அதைச் செய்தேன். கையைத் தூக்கினேன்.

கை தோளுக்கு மேலே போவதற்குள் அம்மா என்னைப் பார்த்துவிட்டாள். அந்தப் பார்வை ஒரு நொடிதான். என் முதுகில் தொங்கிய பையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சடாரென்று எனக்கும் அவர்களுக்கும் நடுவே வந்து நின்றாள். அவள் சேலைக்குப் பின்னால் நான் மறைந்துபோனேன்.

“நான்தாங்க கொண்டாந்தேன்.”

மண்டோர் அப்பாவை விட்டுவிட்டு அம்மாவின் பக்கம் வந்தார்.

“இவரு சோறு திங்கற நேரத்துல பின்பக்கமா போனேன். இவருக்குத் தெரியாது. கழுத்து வலி தாங்கலீங்க. அதுங்க வந்தா எனக்கு வேலை கொறையுமேன்னு ஆசப்பட்டுட்டேன். மன்னிச்சிடுங்க.”

மற்ற ஏழு பெண்களும் அம்மாவை முறைத்தார்கள். அவர்கள் வேலையும் சேர்ந்துதானே போயிற்று. “அடிப்பாவி, எங்க வயித்துலயும் அடிச்சிட்டியே,” என்றாள் ஒருத்தி. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

பிற்பாடு நான் மரபணு படிக்கப் போய், முதல் வருஷம் பழ ஈ வளர்த்தேன். சிவப்புக் கண் ஈக்கள் ஒரு புட்டியில், வெள்ளைக் கண் ஈக்கள் ஒரு புட்டியில். சிவப்புக் கண் வம்சத்தில் ஒரு காலை ஒரே ஒரு வெள்ளைக் கண் ஈ உட்கார்ந்திருந்தது. எப்படியோ கலந்துவிட்டது. மூன்று மாத வேலையைக் கொட்டிக் கழுவச் சொன்னார்கள். ஒப்பிடுவதற்கென்று தொடாமல் வைத்திருப்பதைத் தொட்டுவிட்டால் எல்லாம் வீண் என்று பேராசிரியர் விளக்கினார். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஈக்காக அழுகிறேன் என்று கூடப் படித்தவர்கள் வெகு நாள் கேலி செய்தார்கள். நான் கொண்டுபோகாவிட்டாலும் அந்த வண்டுகள் தாமாகவே ரப்பர் காட்டைத் தாண்டியிருக்கும், தீபாவளிக்கு முன்பே தாண்டியிருக்கலாம் என்பதும் இன்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? ஒரு வாரமாவது, ஒரு மாதமாவது அம்மாவின் வேலை நீடித்திருக்கும்.

ஆனால் வண்டுகள் அகப்பட்ட அன்று சாயங்காலம் எனக்கு வந்த கோபம் அப்படி இப்படிப்பட்டதல்ல. வண்டு பிடித்தது நான். ஆணியால் ஓட்டை போட்டது நான். அம்மாவுக்கு வேலை குறையட்டும் என்கிற எண்ணம்கூட என்னுடையது, அதையும் வார்த்தை பிசகாமல் எடுத்துக்கொண்டாள். அதுவும் பூச்சி ஆபீசர் எதிரிலேயே!

“ஏம்மா பொய் சொன்னே? நான்தானே கொண்டுபோனேன்!”

“ஆமா, பொய்தான். சோத்தத் தின்னு.”

“நாளைக்கு நான் ஆபீசர்கிட்டச் சொல்லிடுவேன்.”

அம்மா கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். என் தாடையை அழுத்திப் பிடித்தாள். “சொன்னே, உனக்கு அம்மா இல்ல. வெளங்கிச்சா?” என்றாள். அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். அம்மா ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவருக்கும் புரிந்துவிட்டது போலிருக்கிறது.

அப்பாவின் வேலை தப்பியது. வீடும் தப்பியது. ஆயா வேலை வேறு ஒருத்திக்குப் போயிற்று, திருட்டுத்தனம் செய்தவளை நம்பிப் பிள்ளைகளை விட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் அம்மா மருந்துத் தொட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு களைக்கு மருந்து அடிக்கப் போனாள். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் போனாள். அவளுடைய வலது கைக் கட்டைவிரல் நகம் மருந்து பட்டு விழுந்து, மறுபடி முளைத்தது இன்றைக்கும் கோணலாகத்தான் இருக்கிறது.

ஆனால் எனக்கு அப்போது வயது எட்டு. நான் அம்மாவோடு பேச்சை நிறுத்தியிருந்தேன். தைலம் தேய்க்கவும் போகவில்லை. வேலை முடிந்து கொல்லைப்புறமாக வீட்டுக்கு வரும்போது அம்மாவும் என்னைக் கண்டால் ஒதுங்கினாள். “கிட்ட வராதே, அங்கேயே நில்லு,” என்று கத்துவாள். சேலையைத் தனியாக ஊறப்போட்டு, மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்து முடிக்கும் வரை, கைக்குழந்தையாக இருந்த என் தம்பியைக்கூடத் தூக்க மாட்டாள். செய்த திருட்டு உறுத்துகிறது, அதனால்தான் என்னைக் கிட்டே சேர்க்க வெட்கப்படுகிறாள் என்று நான் நினைத்தேன். பத்து நாள் பார்த்தேன். பாவமாக இருந்தது. போனால் போகிறது என்று, பெரிய மனது பண்ணி, அம்மாவை மன்னித்துவிட்டேன்.